ஐந்தாம் அத்தியாயம் வரை அழுக்கு

“இதுக்கு ஒரு புக்கு போதாதா மேடம்?” என்று பதிப்பாளர் கேட்டபோது வந்த கோபத்தில், எதிரே கிடந்த பத்தாம் வகுப்பு கைடு கட்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. கட்டு கனம். தவிர, என் முதல் புத்தகத்தைப் போட்டவர் அவர்தான். இரண்டாவதைப் போடக்கூடிய ஆளும் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, இரண்டுக்கும் நடுவில் அவருடைய நாற்காலி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு கைடுகள்தான் அவர் பிழைப்பு. கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் என் புத்தகத்தைப் போட்டதற்குக் காரணம், தி.நகரில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பயிற்சி நிலையம். ஒவ்வொரு பேட்சுக்கும் வேண்டிய பிரதிகளை அவர்களே மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். விற்குமா விற்காதா என்று ராத்தூக்கம் கெட வேண்டாத புத்தகம். அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

உள்ளே இருந்த சமாசாரத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. அது செத்துப் பல வருஷமாகிறது. தொண்ணூறுகளின் நடுவில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து போய் மவுஸைத் தட்டினால் ஜன்னல் திறக்கும் திரை வந்த புதிதில், எங்கோ வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி அதைச் செய்து விற்றது. ஃப்ரேம்வொர்க் என்பார்கள். பில் போடுவது, சரக்குக் கணக்கு, சம்பளக் கணக்கு என்று வியாபாரிகளுக்கு வேண்டிய புரோகிராமை ஒவ்வொரு முறையும் அஸ்திவாரத்திலிருந்து எழுத வேண்டாம். தூணும் கூரையும் அதிலேயே இருக்கும். நாம் சுவரை எழுப்பி வர்ணம் அடித்தால் போதும். இந்த ஊரில் அதை உருப்படியாகத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணினால் ஒரு விரல் நான். இன்னொரு விரல் என்னோடு அதே நிலையத்தில் பாடம் எடுத்தவன். அடுத்த விரலை மடக்குவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவன் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய அம்மா இந்திரா நகரில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்தார். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். வகுப்பில் கறாரான இங்கிலீஷ். வகுப்பை விட்டுப் படி இறங்கினால் வேறு ஆள். வந்த முதல் மாதம் என்னை மேடம் என்று கூப்பிட்டான். பிறகு அக்கா. என் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“இன்னாக்கா, எங்க மாட்டிக்கினு முழிப்போமோ அங்க கரெக்டா நிறுத்திட்டே?”

சுரீர் என்றது. ஆனால் உண்மை. என் புத்தகத்தில் பன்னிரண்டு அத்தியாயம். முதல் ஐந்தில் திரையை வரைவது, பட்டன் வைப்பது, பட்டியலைக் காட்டுவது. அதற்குப் பிறகுதான் விஷயமே. ஆனால் அந்த விஷயத்தை நானே அப்போது பாதிதான் புரிந்துவைத்திருந்தேன் என்பதால், பின்பாதி முழுக்க அவசர அவசரமாக ஓடியிருந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் மாணவன் ஒருவன் புத்தகத்தைப் பார்த்து, ஒரு மருந்து மொத்த வியாபாரிக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அழகான திரை. ஒரு நாள் இரண்டு கவுண்டரில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே மருந்துக்கு பில் போட்டார்கள். இருந்தது ஒரு பெட்டி. புரோகிராம் அந்த ஒரு பெட்டியை இரண்டு பேருக்கும் விற்றுவிட்டது. வியாபாரி நிலையத்துக்கு ஃபோன் போட்டுக் கத்து கத்தென்று கத்தினார். இரண்டு பேர் ஒரே சரக்கில் கை வைத்தால் ஒருவரை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு அந்த ஃப்ரேம்வொர்க்கில் வழி உண்டு. என் புத்தகத்தில் அதற்கு ஒன்றரைப் பக்கம். அதிலும் அரைப் பக்கம் படம்.

கம்பெனிக்காரன் கொடுத்த மேனுவல் ஒன்று இருந்தது. அகரவரிசையில் எல்லாம் இருக்கும், எதற்கு என்று மட்டும் இருக்காது. ஆகவே இரண்டாவது புத்தகம் வேண்டும். செய்வது எப்படி என்பது முதல் புத்தகம். செய்தது கவிழ்ந்தால் என்ன பண்ணுவது என்பது இரண்டாவது. நான் விளக்கங்களை எழுதுவது, அவன் புரோகிராம்களை எழுதிச் சோதித்துக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டோம். காலையில் நிலையம் திறப்பதற்கு முன்னாலேயே போய்விடுவோம். உஸ்மான் ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே ஷட்டரைத் தூக்கி, எவர்சில்வர் அண்டாக்களை வெளியே உருட்டி வைக்கும் சத்தம் கேட்கும்வரை எங்களுக்கு நேரம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்தது அப்போதுதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இதையெல்லாம் பதிப்பாளரிடம் சொன்னேன். சந்தோஷத்தை விட்டுவிட்டு மற்றதை.

“பத்தாங்கிளாஸ் கணக்குக்கு எத்தனை கைடு போட்டாலும் போகும் மேடம்,” என்றார் அவர். “வருஷா வருஷம் புதுசா பசங்க வர்றாங்க. வருஷா வருஷம் பரீட்சை வருது. உங்க ஐட்டத்துக்குப் பரீட்சை எங்க?”

“வேலைதான் சார் பரீட்சை.”

“அது சரி. ஆனா அதுக்கு மார்க் போடறது யாரு?”

அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கோபப்படவே மாட்டார். நாம் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, காபி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். அன்றும் காபி வந்தது. குடித்து முடித்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து, “வாங்க, லஸ் வரைக்கும் நடந்துட்டு வரலாம்,” என்றார்.

லஸ் முனையில் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். தார்ப்பாயின் கீழே அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் போனதும் கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசினார்கள். அடிக்கடி வருகிறவர் என்று தெரிந்தது. என் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஒன்றல்ல, ஒரு சின்ன அடுக்கே இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பிரதியை எடுத்து மூடி, முதுகுப் பக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பக்கங்கள் வெட்டுப்படும் ஓரத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

“நான் புக்கைப் படிச்சுப் பார்த்து முடிவு பண்றதில்ல மேடம். அது எனக்குத் தெரியாது. ஓரத்தைப் பார்ப்பேன். நம்ம ஊரு வேர்வைக்கு, படிச்ச பக்கம் கறுத்துடும். படிக்காத பக்கம் வெள்ளையா நிக்கும். பாருங்க.”

பார்த்தேன். புத்தகத்தின் ஓரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அழுக்குப் பழுப்பு. அதற்குப் பிறகு அச்சகத்திலிருந்து அன்றுதான் வந்தது மாதிரி பளிச்சென்று வெள்ளை. கோடு கிழித்தது போல. அடுத்த பிரதியைக் காட்டினார். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. அழுக்கு முடியும் இடத்தில் விரலைவிட்டுத் திறந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம்.

“எல்லாம் ஒரே இடத்துல நின்னுருக்கு,” என்றார். “உங்க ஒரு புக்கே அரை புக்காத்தான் மேடம் போயிருக்கு. ரெண்டாவது எதுக்கு?”

பிரதியை மூடி அடுக்கிலேயே திரும்ப வைத்தேன்.  

மறுநாள் என்னோடு எழுதுகிறவனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். பனகல் பார்க் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

“அதுக்கு இன்னாக்கா இவ்ளோ ஃபீல் பண்றே? ஞாயித்துக்கிழம ஓட்டல்ல அமெரிக்காவுக்கு ஆள் எடுக்க வர்றான்ல, அவன் அஞ்சாவது சேப்டரு வரைக்கும்தான் கேக்கறான். ஒரு ஸ்க்ரீன் போட்டுக் காட்டு, ஒரு லிஸ்ட் காட்டு, அவ்ளோதான். காட்டினவன் பிளேன் ஏறிடறான். இங்க நின்னு ஆறாவது சேப்டரு எவன் படிப்பான்?”

“போன எடத்துல வேலை பார்க்கணும் இல்லையா?”

“அங்க போய்க் கத்துப்பான். இல்ல, வேற எதுனா கத்துப்பான்.”

அவன் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அந்த ஃப்ரேம்வொர்க்கைக் கற்றுக்கொள்ள வரவில்லை. இந்த ஊரைவிட்டுப் போக வந்தார்கள். நாலு மாதத்துக்கு முன் அமெரிக்காவில் வேறு ஏதோ ஒன்றைக் கேட்டிருந்தால் இதே பையன்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது புத்தகம் என்பது முதல் புத்தகத்தை முடித்துவிட்டு இங்கேயே இருக்கிறவனுக்கு. அப்படி ஒருவன் வேண்டும். நான் அவனைப் பார்த்தேன். நீ இருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் விடுகிற ஜாதி இல்லை. அடுத்த வாரமே பதிப்பாளர் கடையில் போய் நின்றேன். எத்தனையோ பையன்கள் படித்திருக்கிறார்கள், நீங்கள் பார்த்தது விற்றுப் போட்டவர்களின் பிரதிகளை மட்டும்தான், நன்றாகப் படித்தவன் எதற்கு விற்கப் போகிறான் என்று கேட்டேன். அது நல்ல வாதம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவரும் கொஞ்சம் யோசித்தார்.

“சரி மேடம். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். கடைசிப் பக்கம் வரைக்கும் அழுக்கான காப்பி ஒண்ணே ஒண்ணு கண்ணுல படட்டும். ரெண்டாவது புக்கைப் போட்டுடறேன். ஒருத்தன் முழுசாப் படிச்சிருக்கான்னா அவன மாதிரி ஊருக்குள்ள நூறு பேராவது இருப்பாங்க. இது என் தொழில் அனுபவம்.”

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. வேலை முடிந்து பஸ் ஏறும் முன் பாண்டி பஜார் நடைபாதையில் குனிந்து குனிந்து தேடுவேன். லஸ்ஸில் இறங்கியதும் அங்கே ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பெரிய தெருப் பக்கம் போய், மேன்ஷன் பையன்கள் ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன புத்தகங்களில் துழாவுவேன். என் புத்தகம் எல்லா இடத்திலும் கிடைத்தது. எல்லாவற்றிலும் அதே கோடு. சிலதில் அதுகூட இல்லை. மூன்றாம் அத்தியாயத்தோடு வெள்ளை ஆரம்பித்துவிடும். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, “இன்னாம்மா, பையனுக்கா? இத எடுத்துக்கினு போ, நல்லா கீது, அடிபடாத புக்கு,” என்றார். அடிபடாத புத்தகம் எனக்கு எதற்கு?

வீட்டில் என் கணவருக்கு ஒரே கொண்டாட்டம். வங்கியில் வேலை பார்க்கும் மனிதர். எதையும் சுலபமாக முடிக்க ஒரு வழி வைத்திருப்பார்.

“இதுக்குப் போயி ஊர் சுத்திண்டு இருக்கியே. நம்மாத்துலதான் பரண் மேல ஒரு கட்டு இருக்கே. அதுல ஒண்ண எடு. அடைமாவு அரைச்ச கையோட கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு பொரட்டு பொரட்டு. உன் பதிப்பாளர் மோந்து பார்க்கவா போறார்?”

“நீங்க வேற. எனக்கு யாராவது படிச்சிருக்கணும்.”

“படிச்சிருக்கணுமா, புக் வரணுமா? ரெண்டுல எது?”

அவர் கிண்டலாகத்தான் கேட்டார்.  ஆனால் எது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அவன் காலையில் நிலையத்துக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பூட்டு அத்தியாயம், அதாவது இரண்டு கவுண்டர் விவகாரம், அவன் முடித்துக் கொடுத்தால் புத்தகமே முடிந்த மாதிரி. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் சொல்லிவிடு, நான் ஒருத்தியே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். “ஆத்தோரம் மொத்தம் காலி பண்ணச் சொல்றாங்கக்கா. செவுத்துல நம்பர் போட்டுட்டுப் போய்ட்டானுங்க. ஊருக்கு அந்தாண்ட எங்கியோ எடம் தர்றானாம். அங்கேர்ந்து எங்கம்மா எப்டிக்கா காலைல இந்திரா நகர் வந்து சேரும்? முட்டி வலியோட?”

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இந்தப் பக்கமே ஒரு வூடு புடிக்கணும். வாடகைக்குனா கூட. இங்க குடுக்கற சம்பளத்துல முடியாது. போன ஞாயித்துக்கிழம ஓட்டலுக்கு நானும் போனேன். எடுத்துக்கினான்.”

“என்ன கேட்டான்?”

“ஒரு ஸ்க்ரீன் போட்டுக் காட்டச் சொன்னான்க்கா. ஒரு லிஸ்ட்டு.”

இதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? நான் அவன் இடத்தில் இருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே போயிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே போய் எழுதி ஃப்ளாப்பியில் அனுப்புகிறேன் என்றான். சரி என்றேன். அனுப்ப மாட்டான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனவர்கள் யாரும் எதையும் அனுப்பியதில்லை. அங்கே அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்னதான் பேசுவது?

அவன் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது பதிப்பாளரிடமிருந்து நிலையத்துக்கு ஃபோன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு குஷியை நான் கேட்டதே இல்லை.

“மேடம், உடனே கிளம்பி வாங்க. மாட்டிக்கிச்சு.”

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே, பூட்டு அத்தியாயத்தை நானே எப்படியாவது முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவன் எழுதிய பாதி இருக்கிறது, மேனுவல் இருக்கிறது, தப்பும் தவறுமாகவாவது முடித்து, அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். லஸ்ஸில் இறங்கிச் சந்துக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு வாங்கியது.

புத்தகத்தை மேஜை நடுவில் தனியாக வைத்திருந்தார். நான் உட்காருவதற்குள் அதைத் தூக்கி ஓரத்தைக் காட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பழுப்பு. சில இடங்களில் கறுப்பே. பின்பாதி முன்பாதியைவிட மோசமாக இருந்தது.

“நேத்து சாயந்திரம் லஸ்ல கெடைச்சுது. முப்பது வருஷமாப் பார்க்கறேன் மேடம். கைடுல கூட இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. அடுத்த நாள் பரீட்சைக்குப் போறவன்கூட இப்படிப் படிக்க மாட்டான்.” பெருமையாகச் சிரித்தார். “நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன். எழுதினத எடுத்துட்டு வாங்க. போட்டுடலாம்.”

கையில் வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. எழுதுகிறவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. பிறகு ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன். அந்த ஒன்றரைப் பக்கம். ஓரத்தில் இடம் போதாமல் சுற்றிச் சுற்றிப் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே ‘இது எப்படி?’ என்று தமிழில். கீழே ‘ரெண்டு பேர் வந்தா?’ என்று. அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு, ‘அக்காவைக் கேக்கணும்.’

கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றாக வந்து கேட்டிருக்கிறான். பாத்திரக் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், அவன் கேட்டதற்கெல்லாம் பதில் தேடித் தேடித்தான் எங்கள் இரண்டாவது புத்தகமே வளர்ந்தது. வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமானோடு இதையும் போட்டிருப்பான். பெட்டியில் இடம் இருந்திருக்காது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு வலித்தது. என்னிடம் கொடுத்திருக்கலாமே என்று இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்கும். பதிப்பாளர் பேப்பருக்குச் சொல்லிவிட்டதாக வேறு சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் யாருக்கென்று வரும்? கிடங்கில் கைடு கட்டுகளுக்குப் பக்கத்தில் ஓரம் பழுப்பேறாத கட்டுகளாக நிற்கும். அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். என்னால் முடியவில்லை.

“சார், இது வாசகர் இல்ல,” என்றேன். “இது என்கூட எழுதறவனோட காப்பி.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பென்சில் எழுத்தைக் காட்டிச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

“அப்ப ரெண்டாவது புக்கை எழுதறதும் அவரு, படிக்கறதும் அவரா?”

“நானும் படிப்பேன்.”

“நீங்களும் எழுதறவங்கதானே மேடம்.”

“ஆமா.”

“அவரு எங்க, இங்கதான இருக்காரு?”

“வெள்ளிக்கிழமை போறான். அமெரிக்கா.”

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். சந்தில் ஏதோ ஆட்டோ நுழைந்து, வெளியே போக வழியில்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை காத்திருந்தார்.

“அப்ப மிச்சம் நீங்க ஒருத்தர்தான். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு மேடம் புக்கு?”

குத்திக் காட்டவில்லை. அந்த மனிதருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நியாயமாகக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே யோசித்தேன்.

“ஒண்ணு போதும் சார்,” என்றேன்.

காபி வந்தது. குடித்தோம். அவர் கொஞ்சம் தயங்கி, “இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது,” என்றார். “சென்டர்ல அடுத்த பேட்சுக்கு புக்கு கேட்டிருக்காங்க. கையில ஸ்டாக் இல்ல, மறுபடி அடிக்கணும். ஆறாவது அத்தியாயத்துலேர்ந்து எடுத்துடலாமா? கைடுல நான் அப்படித்தான் செய்யறது. பசங்களுக்கும் தூக்கிட்டு வர சுலபம்.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தக் கைடு கட்டு அன்றும் எதிரில்தான் இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். அவன் பிரதியை என்னிடமே கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு லஸ் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். ஆபீஸ் விடும் நேரம். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

புதுப் பதிப்பு பொங்கலுக்குப் பிறகு வந்தது. ஒல்லியாக, அழகாக இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும்போது அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசி வரி அப்படியே நின்றுவிட்டது: இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்வரும் அத்தியாயங்களில் பார்ப்போம். அதற்குப் பிறகு அட்டை. அந்த நிலையத்தில் இன்னும் மூன்று வருஷம் அந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் எடுத்தேன். அந்த அத்தியாயங்கள் எங்கே மேடம் என்று ஒரு பையன்கூட என்னைக் கேட்கவில்லை.